பல் பிடுங்கப்பட்ட பகடி: ‘ஃபார் பிளாக் ஐஸ் ஒன்லி’யை முன்வைத்து

பகடி என்று பெயர் சூட்டிவிட்டால் ஒரு படைப்பு விமர்சனத்துக்கு அப்பால் போய்விடுகிறது. பழையதைத் திரும்பச் செய்தாலும் பகடி, அசட்டுத்தனமாகச் செய்தாலும் பகடி. கேள்வி கேட்பவனுக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்ற தீர்ப்பு கையோடு தயாராக இருக்கும். ‘அமெரிக்கன் டாட்’ என்னும் அனிமேஷன் நகைச்சுவைத் தொடரில் 2013 மார்ச் 10 அன்று ஒளிபரப்பான ‘ஃபார் பிளாக் ஐஸ் ஒன்லி’ என்ற அத்தியாயத்துக்கும் இத்தகைய சலுகைதான் கிடைத்துவருகிறது. ஜேம்ஸ் பாண்ட் படங்களைக் கிண்டல் செய்யும் அத்தியாயம் அது. 2008இல் வந்த ‘டியர்ஜெர்க்கர்’ என்ற அத்தியாயத்தின் தொடர்ச்சியும்கூட. உளவுப் படங்களின் மீதான கூர்மையான விமர்சனம் என்று அதை மெச்சுகிறவர்களிடம் நான் சொல்லிவருவது ஒன்றுதான்: அது உளவுப் படங்களை விமர்சிக்கவில்லை, உளவுப் படம் பார்க்கும் சுகத்தைக் குற்றவுணர்ச்சி இல்லாமல் தருகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் கார்ட்டூனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் சொல்ல விருப்பமில்லை. அங்கதத்தை யாப்போடு சேர்த்துச் செய்யுளியலில் வைத்துப் பேசியவர் தொல்காப்பியர். எள்ளலின் வடிவத்தைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அது ஏட்டில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சமான விஷயம். 

தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது பின்னணி. சேத் மெக்ஃபார்லேன், மைக் பார்க்கர், மேட் வைட்ஸ்மன் மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘அமெரிக்கன் டாட்’ 2005 பிப்ரவரி 6 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. இராக் போர் நடந்துகொண்டிருந்த, இரண்டாம் புஷ் இரண்டாம் முறை பதவியேற்றிருந்த நேரம். நாயகன் ஸ்டான் ஸ்மித் வர்ஜீனியாவில் வசிக்கும் சி.ஐ.ஏ. அதிகாரி, எதிலும் ஆபத்தையும் எவரிலும் பகைவனையும் காணும் தேசபக்தன். மகள் ஹேலி இடதுசாரி. வீட்டில் ரோஜர் என்ற வேற்றுக்கிரகவாசி ஒளிந்து வாழ்கிறான். மீன்தொட்டியில் கிளவுஸ் என்ற தங்கமீன். அது மீனல்ல, கிழக்கு ஜெர்மனியின் பனிச்சறுக்கு வீரன். அவன் பதக்கம் வென்றுவிடக் கூடாது என்பதற்காக சி.ஐ.ஏ. அவன் மனத்தை எடுத்து மீனின் உடலில் வைத்துவிட்டது. அந்த மீனை மட்டும் சற்று நேரம் யோசித்துப் பாருங்கள். ஓர் அரசு தன் அற்பப் பெருமிதத்துக்காக ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யலாம், செய்துவிட்டு அவனைக் கூடத்து அலங்காரமாக வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக உணவருந்தலாம் என்பதை ஒரே கற்பனையில் சொல்லிவிடுகிறார்கள். எள்ளலுக்கு இலக்கு உண்டு என்பதை நன்கு அறிந்தவர்களாகத்தான் இவர்கள் தொடங்கினார்கள். என் வருத்தத்தின் காரணமும் அதுவே. திறமை இல்லாதவர்களைப் பற்றி எழுத இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

2008 ஜனவரி 13 அன்று ‘டியர்ஜெர்க்கர்’ வந்தது. தொடரின் பாத்திரங்கள் தங்கள் அன்றாட வாழ்வை விட்டுவிட்டு ஒரு பாண்ட் படத்தின் வேடங்களை ஏற்கிறார்கள். ஸ்டான் நாயக உளவாளி, ரோஜர் வில்லன். இந்த வில்லனின் ஆயுதம் அணுகுண்டல்ல, ஒரு திரைப்படம். பார்ப்பவர்கள் அழுது அழுதே செத்துப்போகும் அளவுக்குச் சோகமான படம். அதன் பெயர் ‘ஆஸ்கர் கோல்டு’. யூத இனப்படுகொலைக் காலம், அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு யூதச் சிறுவன், அவனுக்குக் குடிப்பழக்கம், கூடவே நோயுற்ற நாய்க்குட்டி. ஆண்டுதோறும் விருதுப் பருவத்தில் ஹாலிவுட் கடைவிரிக்கும் துயரங்களின் பட்டியலை அப்படியே ஒரே பாத்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். பிறர் துன்பத்தைச் சிலைக்காகக் காய்ச்சி வடிக்கும் தொழிலை இதைவிடச் சுருக்கமாக ஏசிவிட முடியாது. பாண்ட் சட்டகம் இங்கே ஒரு வாகனம் மட்டுமே. பயணம் வேறோர் இடத்துக்கு. அந்த அத்தியாயத்தில் இடறும் இடங்கள் நிறைய உண்டு என்றாலும் அது எதையோ கடிக்கிறது.

தொடர்ச்சி எதைக் கடிக்கிறது? கதையின் எலும்புக்கூடு இதுதான்: முதல் பகுதியில் அடியாளாக வந்த ‘பிளாக் வில்லன்’ இப்போது முதன்மை வில்லன். ஆர்க்டிக் பனியை உருக்கிவிடுவது அவன் திட்டம். அவனைத் தடுக்க ஸ்டான் தன் பழைய எதிரியான டியர்ஜெர்க்கருடன் கைகோக்க வேண்டியிருக்கிறது. தலைப்பு 1981இல் வந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்ற பாண்ட் படத் தலைப்பின் திரிபு. இதை ரசிக்க உங்களுக்குப் பாண்ட் தெரிய வேண்டும், அதைவிட முக்கியமாக ‘டியர்ஜெர்க்கர்’ தெரிய வேண்டும். அதாவது பகடி தன்னையே மூலப் பிரதியாக ஆக்கிக்கொண்டுவிட்டது. பகடி என்பது இன்னொரு மரத்தின் மேல் வளரும் புல்லுருவி. அதில் அதற்கு இழுக்கு ஏதுமில்லை. ஆனால் தன்மேல் தானே படரும் புல்லுருவியை எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை.

பெயர்களிலிருந்து தொடங்கலாம், தமிழாசிரியனுக்குச் சிலேடை என்றால் கொஞ்சம் சபலம்தான். ஸ்டானின் மனைவி ஃபிரான்சின் ஏற்கும் நாயகி வேடத்துக்கு ‘செக்ஸ்பன் டு கம்’ என்று பெயர். ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் ‘காமச் சிலேடை பிறகு வரும்’ என்று பொருள்படும். எழுதிக்கொண்டிருக்கும் கதாசிரியன் சரியான சொல் அகப்படாதபோது ஓரத்தில் போட்டுவைக்கும் குறிப்பைப் போன்றது அது. பாண்ட் படங்களில் பெண்களுக்கு இரட்டை அர்த்தப் பெயர் வைப்பது மரபு, 1964இன் ‘கோல்டுஃபிங்கர்’ நாயகியின் பெயர் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அந்த மரபின் பின்னுள்ள சோம்பேறித்தனத்தை, அதாவது பெண் பாத்திரம் என்பது ஒரு நிரப்பப்படாத கோடிட்ட இடம் என்ற மனோபாவத்தை, இந்தப் பெயர் வெட்டவெளிச்சமாக்குகிறது. அபாரமான நகைச்சுவை, மறுக்கவில்லை. ஆனால் இது ஒருமுறைதான் வெடிக்கும். 2008இல் கோடிட்ட இடம் என்று சுட்டிக்காட்டிச் சிரித்தவர்கள், 2013இலும் அவளை அதே கோடிட்ட இடமாகவே வைத்திருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே நோயின் பெயரைச் சொல்லி அதே குரலில் சிரித்தால் நோயாளி என்ன நினைப்பார்?

‘பிளாக் வில்லன்’ என்ற பெயரில் சிக்கல் இன்னும் ஆழமானது. பள்ளித் தலைமையாசிரியர் லூயிஸ் என்ற பாத்திரம் ஏற்கும் வேடம் அது. முதல் பகுதியில் அது ஒரு கணநேர அடையாளச் சீட்டு. உளவுப் படங்களில் கறுப்பினத்தவருக்குப் பெயரோ நோக்கமோ வரலாறோ தேவைப்பட்டதில்லை, நிறமும் கெடுதியும் போதும் என்பதைக் குத்திக்காட்டுவது. 1973இன் ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குத்தல் எங்கே விழுகிறது என்பது தெரியும். நியூயார்க்கின் ஹார்லமிலிருந்து கரீபியன் தீவு வரை பாண்ட் சந்திக்கும் கறுப்பினத்தவருள் பெரும்பாலோர் ஒரே சதியின் கண்ணிகளாக இருப்பார்கள். தொடர்ச்சியில் இந்தச் சீட்டை ஒரு முழு அத்தியாயத்தின் தலைமேல் ஒட்ட வேண்டிய நிர்ப்பந்தம். முதன்மை வில்லனாக உயர்த்தப்பட்டவனுக்குப் பெயர் உயரவில்லை. அவன் இனவெறிப் படங்களைக் கேலி செய்யும் உருவமா, அல்லது அப்படங்களின் வில்லன்தானா என்பதை எழுத்தாளர்கள் முடிவு செய்யவேயில்லை. முடிவு செய்யாமல் விடுவதுதான் நுட்பம் என்று சிலர் வாதிடக்கூடும். இருபொருள் என்பது வேறு, இரு பொருளில் எதற்கும் பொறுப்பேற்காமல் நழுவுவது வேறு.

இனி பனி. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979 முதல் பதிவானவற்றில் அதுவே மிகக் குறைந்த அளவு. ஆறு மாதம் கழித்து, உலகின் மிகப் பெரிய கரியமில வெளியேற்ற நாடுகளுள் ஒன்றில், லட்சக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று ஆர்க்டிக் உருகுவதைக் கதையாக்குகிறது. யார் உருக்குகிறார்கள்? ஒரு வில்லன். ஏன்? கெட்டவன் என்பதால். அவனைத் தடுத்தால்? பனி பிழைத்துவிடும். அனிமேஷன் அத்தியாயம் ஒன்றைத் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அன்றாடச் செய்தியை அதில் தேடவில்லை. ஆர்க்டிக் உருகுவது 2012இல் திடீரென்று நடந்த விஷயமும் அல்ல. உருக்குகிறவர்கள் யார் என்பதுதான் நம் காலத்தின் மிகக் கசப்பான நகைச்சுவை. அவனுக்குத் தீவு இல்லை, ரகசிய மாளிகை இல்லை, மடியில் வெள்ளைப் பூனை இல்லை. அவன் காலையில் காரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போகிறவன். ஸ்டான் ஸ்மித்தே அவன்தான். வர்ஜீனியாவின் புறநகரில் புல்தரை வைத்த வீடும் வண்டியும் உள்ள ஒரு சராசரி அமெரிக்கத் தந்தை. தொடரின் பெயரே அதுதானே! தன் நாயகனின் வீட்டு வாசலில் கிடந்த அங்கதத்தை எடுத்துக்கொள்ளாமல் வடதுருவம் வரை போய் ஒரு பொம்மை வில்லனைத் தேடியிருக்கிறார்கள்.

பாண்ட் என்ற வடிவத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வேண்டும் ஒற்றன் பிறர் ஐயுறாத தோற்றம் உடையவன். பாண்டோ போகும் இடமெல்லாம் குலப்பெயரை முதலிலும் முழுப்பெயரை அடுத்தும் சொல்லி அறிமுகம் செய்துகொள்பவன். அவன் ஒற்றனே அல்லன். 1953இல் இயான் ஃபிளெமிங்கின் முதல் நாவல் வெளிவந்தபோது பிரிட்டனின் பேரரசு ஒவ்வொரு துண்டாகக் கழன்றுகொண்டிருந்தது. உலகம் இன்னமும் ஒரு ஆங்கிலேயனின் துணிச்சலை நம்பியிருக்கிறது என்ற ஆறுதல் கனவு அவன். அந்தக் கனவுக்குத் தேவையான மறுபாதி, உலகின் தீமை முழுவதும் ஒரே மனிதனிடம், ஒரே கட்டடத்துக்குள் குவிந்திருக்கிறது என்ற நம்பிக்கை. கட்டடம் வெடித்தால் தீமை தீர்ந்தது. கைக்கடிகாரத்தையும் காக்டெயிலையும் கேலி செய்வது சுலபம். 1967இலேயே ‘கேசினோ ராயல்’ என்ற பெயரில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1979இன் ‘மூன்ரேக்கர்’ வந்தபோது பாண்ட் தன் பகடியைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். எனவே அலங்காரங்களைக் கிண்டல் செய்துவிட்டு உள்ளேயிருக்கும் நம்பிக்கையைத் தொடாமல் விடும் பகடி, மூலத்துக்குச் செய்யும் சேவையாகவே முடிகிறது.

அந்த நம்பிக்கையைத் தொட முடியும் என்பதற்கு அதே ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலேயே சான்று இருக்கிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1996 நவம்பர் 3 அன்று வந்த ‘யூ ஒன்லி மூவ் ட்வைஸ்’. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். ஹோமர் சிம்ப்சனுக்குப் புதிய ஊரில் புதிய வேலை கிடைக்கிறது. முதலாளி ஹாங்க் ஸ்கார்பியோ பாண்ட் படங்களில் வரும் அச்சு அசலான வில்லன், உலகைப் பணயம் வைத்து மிரட்டுபவன். ஆனால் அவன் அற்புதமான முதலாளி. ஊழியர்களை அன்போடு நடத்துகிறான், பெருமை பாராட்டுவதில்லை, ஹோமரின் குடும்பத்தைப் பற்றி அக்கறையோடு கேட்கிறான். ஹோமர் தன் குழுவைச் சிறப்பாக வேலை வாங்குகிறான். அந்த வேலை என்ன என்பதைப் பற்றி அவனுக்கு ஒரு கேள்வியும் இல்லை. தப்பியோட முயலும் பாண்ட் போன்ற ஒற்றனைப் பாய்ந்து பிடித்து வீழ்த்துகிறவனே ஹோமர்தான். கடைசியில் வேலையை விடுவதும் மனசாட்சியால் அல்ல, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஊர் ஒத்துவரவில்லை என்பதால். சுற்றிலும் துப்பாக்கிச் சண்டை நடக்க, ராஜினாமாவைச் சொல்லிவிட்டு வெளியே நடக்கிறான். வில்லன் வென்றுவிடுகிறான். 

இதை எழுதும்போதே மீண்டும் வியப்பாக இருக்கிறது. பாண்ட் படங்களில் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரிச் சீருடை அணிந்து ஓடிச் சாகும் ஊழியர்களை யார் பொருட்படுத்தினார்கள்? அவர்களில் ஒருவனின் வீட்டுக்குள் காமிராவைக் கொண்டுபோய் வைத்தார் ஸ்வார்ட்ஸ்வெல்டர். தீமை என்பது நல்ல சம்பளமும் இனிமையான மேலதிகாரியும் உள்ள ஓர் அலுவலகம் என்று காட்டிவிட்டார். இருபத்திச் சொச்ச நிமிடத்தில் வடிவம் உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போடப்படுகிறது. பார்த்து முடித்தபின் பாண்ட் படத்தைப் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை. ‘ஃபார் பிளாக் ஐஸ் ஒன்லி’யைப் பார்த்து முடித்தபின் ஒரு பாண்ட் படத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

சூழலையும் சேர்த்துப் பார்ப்போம். 2012இல் பாண்ட் திரைக்கு வந்து ஐம்பதாண்டு நிறைவு. ‘ஸ்கைஃபால்’ உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2013 பிப்ரவரி 24 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் அந்த ஐம்பதாண்டுக்குத் தனி மரியாதை செய்யப்பட்டது. ஷெர்லி பாஸி மேடையேறி ‘கோல்டுஃபிங்கர்’ பாடினார். சிறந்த படமாக சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரின் வீரத்தைச் சொல்லும் ‘ஆர்கோ’ தேர்வானது. அந்த அறிவிப்பை வெள்ளை மாளிகையிலிருந்து காணொளி வழியாகச் செய்தவர் மிஷேல் ஒபாமா. விழாவைத் தொகுத்து வழங்கியவர் யார்? சேத் மெக்ஃபார்லேன். ‘ஆஸ்கர் கோல்டு’ என்பதை உலகை அழிக்கும் ஆயுதத்தின் பெயராக வைத்த தொடரின் கர்த்தா, ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஆஸ்கரின் மேடையில். அவர் அங்கே போனதைக் குறையாகச் சொல்லவில்லை. கலைஞனுக்கு வயிறு உண்டு, ஆசையும் உண்டு. அங்கே பாண்டும் சி.ஐ.ஏ.யும் ஹாலிவுட்டும் வெள்ளை மாளிகையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தழுவிக்கொண்டதை அவரைவிடக் கிட்டத்தில் நின்று பார்த்தவர் இல்லை. சரியாகப் பதினான்கு நாள் கழித்து ஒளிபரப்பான அத்தியாயம் இது. 

இன்னொரு தேதியும் உண்டு. அத்தியாயம் வருவதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 7 அன்று, ஜான் பிரென்னனை சி.ஐ.ஏ.யின் இயக்குநராக செனட் உறுதிசெய்தது. அதற்கு முந்தைய நாள்தான் செனட்டர் ராண்ட் பால் ஆளில்லா விமானக் கொலைகள் பற்றிக் கேள்வியெழுப்பி ஏறக்குறைய பதின்மூன்று மணிநேரம் பேசி வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டிருந்தார். சி.ஐ.ஏ. அதிகாரியை நாயகனாகக் கொண்ட தொடர், எட்டு ஆண்டுகளாகப் போர்களுக்கும் சித்திரவதை விவாதங்களுக்கும் ஊடே வளர்ந்த தொடர், உளவு என்ற பொருளைத் தனியாக எடுத்துப் பேசும் அத்தியாயத்தில் அமெரிக்க உளவைத் தொடவில்லை. பிரிட்டனின் பழைய கனவொன்றை எடுத்து விளையாடுகிறது. சொந்த வீட்டில் தீப்பற்றியிருக்க, பக்கத்து ஊர்ப் பழைய சினிமாக் கொட்டகையைப் பற்றி நையாண்டி பேசுவது போல.

இங்கே எனக்குச் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. ஒன்று கோட்பாட்டு மறுப்பு. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் பின்நவீனத்துவம் பேசியவர்கள் பகடி என்ற சொல்லைக் கடவுச்சீட்டாக்கினார்கள். மூலம் என்று ஒன்றில்லை, எல்லாம் நகலின் நகலே, எனவே பகடியின் பகடி என்பதே நம் காலத்தின் உண்மையான வடிவம் என்பார்கள். அவர்கள் மேற்கோள் காட்டும் ஃபிரெட்ரிக் ஜேம்சன் அதைக் கொண்டாடவில்லை என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பகடிக்கும் வெறும் போலச் செய்தலுக்கும் வேறுபாடு உண்டென்றும், பின்னது உள்நோக்கம் வற்றிப்போன பகடி என்றும் அவர் கண்டார். அதை ஒரு நோய்க்குறியாகவே பார்த்தார். பகடிக்காக வாதாடிய லிண்டா ஹட்சனும்கூடத் திரும்பச் செய்தலில் ஒரு விமர்சன விலகல் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த விலகலைத்தான் நான் இந்த அத்தியாயத்தில் தேடுகிறேன்.

இரண்டாவது மறுப்பு எளிமையானது: இது வெறும் விளையாட்டு, சிரித்துவிட்டுப் போகலாமே. இதற்கு மெய்ப்பாட்டியலே பதில் சொல்லும். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறார் தொல்காப்பியர். எல்லா நகையும் எள்ளலில் பிறக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. குழந்தைத்தனத்தில் பிறக்கும் சிரிப்புக்கும் மரியாதை உண்டு. அப்படியானால் இந்த அத்தியாயத்தை அந்தக் கணக்கில் வரவு வையுங்கள், நான் பேசாமல் போய்விடுகிறேன். எள்ளலின் பெருமையையும் கேட்டு, விளையாட்டின் விலக்கையும் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை. செய்யுளியலில் அங்கதம் இரண்டு வகை: வெளிப்படையாக வைவது செம்பொருள், மறைத்து வைவது கரந்தது. யாரையும் வையாத அங்கதம் என்று மூன்றாவது வகை ஒன்றை அவர் வகுக்கவில்லை.

தொடர்ச்சி என்ற வடிவமே இந்தச் சரிவுக்குப் பாதிக் காரணம் என்றும் நினைக்கிறேன். தொடர்ச்சி எழுதுகிறவன் முன்கதையைக் காப்பாற்ற வேண்டும்; யார் செத்தார், யார் பிழைத்தார், யாருக்கு யார் மேல் பகை என்ற கணக்கு வழக்கைப் பராமரிக்க வேண்டும். தன் பாத்திரங்களின் மேல் அவனுக்குப் பாசம் வந்துவிடுகிறது. பகடிக்காரனுக்கு வரக்கூடாத நோய் அது. ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படங்களுக்கும் இதுவே நேர்ந்தது. 1997இன் முதல் படத்தில் அறுபதுகளின் ஆண் ஒருவன் தொண்ணூறுகளில் விழித்தெழுந்து திண்டாடினான், அங்கே ஒரு விஷயம் இருந்தது. 1999, 2002 தொடர்ச்சிகளில் அவன் தன் முந்தைய வெற்றிகளின் வில்லை ஒட்டிய விளம்பரத் தட்டியாகிவிட்டான். 

இத்தனை சொன்னபின் ஒன்றை மட்டும் அத்தியாயத்தின் சார்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டானுக்கும் ரோஜருக்கும் குரல் கொடுப்பவர் ஒரே மனிதர், மெக்ஃபார்லேன். உலகைக் காக்கும் உளவாளியும் அவன் ஐந்தாண்டுப் பகைவனும் கூட்டாளிகளாகிப் பேசிக்கொள்ளும்போது நாம் கேட்பது ஒரே தொண்டையிலிருந்து வரும் இரண்டு குரல்களை. ஓர் உளவு அமைப்பு தன் எதிரிகளைத் தானே தயாரித்து, வளர்த்து, தேவைப்படும்போது தோழராக்கி, தேவை தீர்ந்ததும் மீண்டும் எதிரியாக்கிக்கொள்ளும் வரலாற்றை ஆப்கானிஸ்தானில் எண்பதுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒற்றைத் தொண்டை எவ்வளவு சொல்லியிருக்கலாம்! மீனின் உடலில் மனிதனை அடைத்து வைத்த எழுத்தாளர்களுக்கு அது எட்டாத கற்பனை அல்ல. ஸ்டானும் ரோஜரும் அருகருகே நின்று உரையாடும் அந்த இடங்களை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒருவர் காலை ஒருவர் வாரும் கூட்டணி நகைச்சுவையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.